சிம்கோ ஏரியில் இரைமீன்: பாசையூரிலிருந்து ஒரு பதில்

தம்பி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவோடு வந்து நின்றபோது பாசையூர்க் கரையில் வைத்து ஒரு கேள்வி கேட்டீர். "மாமா, சிம்கோ ஏரி உறைஞ்ச பிறகு ஐஸுக்குக் கீழ இருந்து சின்ன மீனைப் பிடிச்சு, சீசன் முழுக்க இரைக்கு வைச்சிருக்கலாமோ? ஒவ்வொரு கிழமையும் கடையில வாங்கிக் கட்டுப்படியாகுதில்லை." நான் வாயைத் திறக்க வள்ளம் ஒன்று கரைக்கு வந்தது, நீர் நண்டு வாங்கப் போய்விட்டீர். நண்டுதான் முக்கியம், அதில் எனக்கு மனவருத்தம் இல்லை. ஆனால் போகிற போக்கில் "உங்கட அப்பா நீரேரியில இரைமீனை எப்பிடி உயிரோட வைச்சிருந்தவர்?" என்றும் கேட்டீர். அந்த இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். இங்கே மாரி தொடங்கிவிட்டது. அங்கே கனடாவில் ஐஸ் இறுக இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் எழுதிவிடுகிறேன்.

பிடிக்கலாம். வைத்தும் இருக்கலாம். ஆனால் சீசன் முழுவதற்கும் ஒரே நாளில் அள்ளிச் சேர்க்கிற எண்ணத்தை விடும். நான் ஸ்காபுரோவில் இருந்த 17 வருடத்தில் அந்த ஏரியில் பிடித்த சின்னமீனில் பாதிக்கு மேல் இரையாகவே போகவில்லை, வாளிக்குள் செத்துப்போனது. பிடிக்கத் தெரியாததால் வந்த நட்டம் அல்ல அது. பிடித்த பிறகு செய்த பிழைகளால் வந்தது. அதனால் பிடிக்கிற கதையைச் சுருக்கிவிட்டு வைத்திருக்கிற கதையை நீட்டப் போகிறேன்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் வைத்தால் நீர் வாசிக்க மாட்டீர். ஒன்ராறியோவில் குடியிருந்து மீன்பிடி அனுமதியும் வைத்திருக்கிற ஒருவர் தன் சொந்தத் தேவைக்கு இரைமீன் பிடிக்கலாம். அதற்கு ஒரு கூடு; நீளம் 51 சென்ரிமீற்றருக்கும் அகலம் 31 சென்ரிமீற்றருக்கும் மேல் போகக் கூடாது. கூட்டில் உம்முடைய பெயரும் விலாசமும் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். இன்னொன்று, கையால் தூக்குகிற வலை, எங்கள் பாஷையில் அத்தாங்கு. சதுரமானால் ஒரு பக்கம் 183 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். கூடு இரவும் பகலும் கிடக்கலாம். அத்தாங்கைச் சூரியன் உதித்த பிறகு இறக்கி, படுவதற்கு முதல் தூக்கிவிட வேண்டும். ஒரு ஆள் வைத்திருக்கக்கூடியது 120 மீன். கடையில் வாங்கியதும் இந்த எண்ணுக்குள்தான். உப்புப் போட்டுப் பிரீசரில் வைத்ததையும் நான் இந்தக் கணக்கில் சேர்த்தே எண்ணிவந்தேன், நீரும் அப்படியே எண்ணும். விதிப் புத்தகம் வருடா வருடம் வருகிறது. போகிறதுக்கு முதல் அந்த வருடத்துப் புத்தகத்தை ஒருக்கால் புரட்டிப் பாரும்.

120 என்பது குறைவு மாதிரித் தெரியும். உண்மையில் இரண்டு பேர் இரண்டு மூன்று சனிக்கிழமை பேர்ச் மீன் பிடிக்கத் தாராளம். அதற்கு மேல் பிடித்தாலும் வாளி தாங்காது, ஏன் என்று கீழே வருகிறது.

என்ன மீன் என்று கேட்டால், சிம்கோவில் எல்லோரும் தேடுவது எமரால்ட் ஷைனர். எங்கள் நெத்தலியைக் கொஞ்சம் தட்டையாக்கி, முதுகில் மெல்லிய பச்சை பூசினால் எப்படியோ அப்படி. விரல் நீளம். கூட்டமாக, நடுநீரில் ஓடித் திரியும். கூட்டுக்குள் வேறு சிலதும் ஏறும். உடம்பில் குறுக்குக் கோடு விழுந்த பேர்ச் குஞ்சு வந்தால் அது இரைமீன் பட்டியலில் இல்லை, உடனே திருப்பி விடும். முன் முதுகுச் செட்டையில் கறுத்தப் பொட்டும், வயிற்றுப் பக்கத்தில் இரண்டு செட்டையும் ஒட்டிக் கிண்ணம் போலவும் இருந்தால் அது கோபி. அந்த ஊர் மீன் அல்ல, வெளியிலிருந்து வந்து ஏரிகளைக் கெடுக்கிற சாதி. உயிரோடு வைத்திருப்பதும் இரையாகக் குத்துவதும் குற்றம். ரொறன்ரோவைச் சுற்றியுள்ள ஓடைகளில் கூடு போடுகிற ஆசையும் வேண்டாம். ரெட்சைட் டேஸ் என்ற அழிந்துவருகிற சின்னமீன் அந்த ஓடைகள் சிலவற்றில் மிஞ்சியிருக்கிறது.

ஐஸைப் பற்றி ஒரு பந்தி, அதைத் தாண்டாமல் வாசியும். தெளிந்த, நீலச் சாயல் அடிக்கிற ஐஸ் ஒரு ஆள் நடக்கக் குறைந்தது 10 சென்ரிமீற்றர் தடிப்பு வேண்டும் என்பது பொதுக் கணக்கு. கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் 15 என்று சொல்கிறது. நான் 15இல் நின்றவன். பால்வெள்ளையாக, பனி நனைந்து உறைந்த ஐஸுக்குப் பலம் பாதிதான், அதனால் அளவை இரட்டிப்பாக்கும். ஓடை வந்து விழுகிற வாய், பாலத்தடி, துறைமுகத்து மரக்கால் பக்கம் எல்லாம் நீரோட்டத்தால் ஐஸ் மெல்லிசாக இருக்கும். சின்னமீனும் அங்கேதான் கூடும். அதுதான் வில்லங்கம். தனியாகப் போகாதேயும். கழுத்தில் ஐஸ் குத்துகிற முள் இரண்டைக் கயிற்றில் மாட்டிக்கொள்ளும். நீரேரியில் கால் புதைந்தால் சேறு மட்டுந்தான். அங்கே அப்படி அல்ல.

கூடு என்றால் உமக்குத் தெரிந்த நீள்வட்டக் கம்பிக்கூடுதான். இரண்டு பக்கமும் புனல் உள்நோக்கிப் போகும், புனலின் வாய் ஒரு அங்குலம் அளவு. மீன் மணத்துக்கு உள்ளே வரும், வெளியே போகிற வழி தெரியாது. எங்கள் களங்கட்டி வலையில் சிறகு வழியே வந்த மீன் உள்ளறையில் சுற்றிக்கொண்டு நிற்கிறதே, அதே புத்தி. கடையில் விற்கிற சாதாரணக் கூட்டின் நடுப்பாகம் 9 அங்குலம். நான் முதல் வருடம் 8 அங்குல ஓகரால், அதாவது ஐஸ் துளைக்கிற திருகால், துளை போட்டுவிட்டு, அந்தக் கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் பேயன் மாதிரி நின்றேன். 10 அங்குல ஓகர் வாங்கும், அல்லது 8 அங்குலத் துளையைப் பக்கத்தில் இன்னொன்று போட்டு அகட்டும். கூட்டைச் செங்குத்தாக இறக்கி, கீழே போன பிறகு படுக்கையாகக் கிடக்கிறபடி கயிற்றைக் கட்ட வேண்டும். இரண்டு நுனியிலும் ஒவ்வொரு கயிறு, நடுவில் ஒரு முடிச்சு. தராசுத் தட்டைக் கட்டுகிற மாதிரி.

உள்ளே போடுகிறதுக்குக் காய்ந்த பாண் போதும். நாய் பிஸ்கற் நன்றாக நிற்கும், சீக்கிரம் கரையாது. ஒருமுறை மிஞ்சிய புட்டைத் துணியில் முடிந்து போட்டேன். மீன் வந்ததோ இல்லையோ, ஏரியில் தேங்காய்ப்பூ மிதந்தது.

இடம்: செடி நிற்கிற இடத்தின் விளிம்பு, ஒன்று இரண்டு மீற்றர் ஆழம். செடிக்கு நடுவே வேண்டாம். தை முடிகிற நேரம் ஐஸுக்கு மேல் பனி தடித்துவிடும், வெளிச்சம் கீழே இறங்காது, செடி செத்து அழுகும், அழுகுகிறபோது நீரில் உள்ள ஒட்சிசனைத் தின்னும். அப்படியான மூலைகளில் மீன் நிற்காது. தப்பித் தவறி கூட்டுக்குள் ஏறினது விடிய செத்துக் கிடக்கும். ஆரம்ப சீசனில் கொழுத்த இடம் மாசியில் வெறும் இடமாகப் போவது இதனால்தான். நாலு நாள் தொடர்ந்து ஒன்றும் ஏறாவிட்டால் உம்முடைய பாணைச் சந்தேகிக்காதேயும், இடத்தை மாற்றும்.

கயிறு விஷயத்தில் கவனம். விட்டுப் போன துளை ஒரு இரவில் இறுகிவிடும், கயிறும் அதற்குள் இறுகும். மறுநாள் அலவாங்கால் குத்துகிறபோது கயிற்றையும் சேர்த்து வெட்டினால் கூடு ஏரிக்குச் சொந்தம். எனக்கு இரண்டு கூடு அப்படிப் போனது. உள்ளே அகப்பட்ட மீன் அங்கேயே கிடந்து சாகும் என்பது அதைவிடப் பெரிய பாவம். பிறகு ஒருவர் காட்டித் தந்த வழி: ஒரு முழ நீளப் பிளாஸ்ரிக் குழாய்க்குள் கயிற்றை விட்டு, குழாய் ஐஸின் தடிப்பு முழுவதற்கும் நிற்கிற மாதிரி வைக்க வேண்டும். ஐஸ் குழாயைத்தான் பிடிக்கும், கயிறு உள்ளே தப்பிவிடும். துளைக்கு மேல் ஒரு றெஜிபோம் (தெர்மோகோல்) துண்டை வைத்துப் பனியால் மூடினால் மெல்லிய தகடுதான் பிடிக்கும், குத்துவதும் சுகம். பக்கத்தில் ஒரு மரக்கிளையை நட்டுவிடும். 10 அங்குலத் துளைக்குள் வேறொருவரின் கால் போகலாம்.

அத்தாங்கு வேறு விளையாட்டு. சிம்கோவில் ஆட்கள் வைத்திருப்பது குடை மாதிரி மடங்குகிற சதுர வலை. மடித்தபடி துளையால் இறக்க வேண்டும், கீழே போனதும் நாலு கம்பியும் விரிந்துவிடும். அதற்கு மேலே முட்டைக் கோதை நொறுக்கித் தூவுவார்கள், அது மினுங்கிக்கொண்டு இறங்க, ஷைனர் கூட்டம் என்னவென்று பார்க்க வரும். கூட்டம் வலைக்கு மேலே வந்த கணத்தில் ஒரே இழுப்பு. தயங்கினால் இல்லை. ஒரு நல்ல இழுப்பில் ஐம்பது அறுபது வரும், பத்து இழுப்பில் ஒன்றும் வராமலும் போகும். கூடு சோம்பேறிக்கு, அத்தாங்கு பொறுமைக்காரனுக்கு. எனக்கு அத்தாங்குதான் பிடிக்கும். காரணம் மீனின் நிலை: கூட்டில் இரவு முழுக்க முட்டி மோதிச் செதில் போன மீனை விட, வலையில் ஒரு நிமிடத்தில் வந்த மீன் மூன்று மடங்கு நாள் கிடக்கும். இது அளந்து சொன்ன கணக்கு அல்ல, என் வாளி சொன்ன கணக்கு.

இனித்தான் விஷயம்.

என்னுடைய அப்பா பண்ணைப் பாலத்துக்கு இங்கால் விடியப்புறத்தில் வீச்சுவலை எறிந்து மணலைக் குஞ்சு பிடிப்பார், கொடுவாவுக்கு உயிர் இரையாக. அதைப் போடுவதற்கு அவர் பிளாஸ்ரிக் வாளி கொண்டுபோனதில்லை. வாய் அகன்ற மண்பானை. பானையில் பாதிக்குத்தான் தண்ணீர். வெளியில் ஈரச்சாக்கு சுற்றியிருக்கும். பதினைந்து இருபது குஞ்சுக்கு மேல் போட விடமாட்டார். நான் ஆசையில் இன்னும் கொஞ்சம் போட்டால் "மூச்சுக்கு இடம் விடடா" என்று தலையில் குட்டுவார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கனடாவில் வாளி வாளியாகச் சாகக் கொடுத்த பிறகுதான் அந்தக் குட்டின் அர்த்தம் விளங்கியது.

நீரில் கரைந்திருக்கிற ஒட்சிசன் வெப்பத்தோடு குறையும். நன்னீர் 0 பாகையில் லீற்றருக்கு ஏறக்குறைய 14.6 மில்லிகிராம் ஒட்சிசன் தாங்கும். எங்கள் நீரேரித் தண்ணீர் 30 பாகையில், உப்பும் சேர, கிட்டத்தட்ட 6 மில்லிகிராம்தான் தாங்கும். அது ஒரு பக்கம். மறுபக்கம், மீன் குளிர் இரத்தப் பிராணி. தண்ணீர் 10 பாகை சூடேறினால் அதன் உடம்பு கேட்கிற ஒட்சிசன் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 0இலிருந்து 30க்கு வர மூன்று முறை இரட்டிப்பு, அதாவது எட்டு மடங்கு. வரவு பாதிக்கும் கீழே, செலவு எட்டு மடங்கு. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் அப்பாவின் பானையில் ஒரு குஞ்சுக்குத் தேவைப்பட்ட தண்ணீரில் சிம்கோவில் ஏறக்குறைய இருபது மீன் வாழலாம். இது முரட்டுக் கணக்கு, மீனுக்கு மீன் மாறும். ஆனால் குளிர்தான் அங்கே உமக்குக் கிடைத்த பெரிய சொத்து என்பது இதில் தெரியும். அந்தச் சொத்தை வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சூடாக்கித் தொலைப்பதுதான் எல்லோரும் செய்கிற பிழை. நானும் செய்தேன்.

முதல் வருடம் 80 மீன் பிடித்தேன். காரில் ஹீற்றரைப் போட்டு, வாளியைப் பின்சீற்றில் வைத்து, ஒன்றரை மணித்தியாலம் ஓடி வந்தேன். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் குறைந்திருக்கிறதே என்று குழாயைத் திறந்து வாளியை நிரப்பினேன். சமையலறை மூலையில் வைத்துவிட்டுப் படுத்தேன். விடிய 80உம் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. மனுசி ஒன்றும் சொல்லவில்லை, ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

அந்த ஒரு இரவில் மூன்று பிழை. முதலாவது கார். பிடித்த தண்ணீர் 1 பாகையோ 2 பாகையோ இருக்கும், அதைச் சூடான காருக்குள் வைத்தால் மீன் தேடுகிற மூச்சு ஏறிக்கொண்டே போகும். வாளியை டிக்கிக்குள் வையும். தடித்த றெஜிபோம் பெட்டி நல்லது. வெளியே -15 என்றாலும் உள்ளே உறையாது, உள்ளே 20 என்றாலும் சட்டென்று சூடேறாது. கொஞ்சம் ஐஸ் மிதந்தால் பயப்பட வேண்டாம், அது தண்ணீரை 0இலேயே பிடித்து வைக்கும்.

இரண்டாவது குழாய்த் தண்ணீர். ரொறன்ரோ நகரத் தண்ணீரில் கிருமி வராமல் இருக்கக் குளோரமைன் சேர்க்கிறார்கள். வெறும் குளோரின் என்றால் ஒரு இரவு திறந்துவைக்கப் பறந்துவிடும். குளோரமைன் அப்படிப் போகாது. அது மீனின் பூவுக்குள், அதாவது செவுளுக்குள் போய் இரத்தத்தைக் கெடுத்து மூச்சை நிறுத்தும். மீன்தொட்டிக் கடையில் அதை முறிக்கிற மருந்துத் துளி விற்கிறார்கள், அதில் குளோரமைனுக்கு என்று எழுதியிருக்கிறதா பார்த்து வாங்கும். அதைவிடச் சுகமான வழி, ஏரித் தண்ணீரையே இரண்டு கலனில் கூடவே கொண்டுவருவது. ஆனால் அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்பதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது, சொல்கிறேன். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் மீன் விட்டு வளர்ந்த ஆள் நான். சுண்ணாம்புக் கல்லால் ஊறி வருகிற வன்னீர், தேநீருக்கு ஆகாது என்று வெளிநாட்டுக்காரர் முகம் சுளிப்பார்கள், மீனுக்கோ ஒரு குறையும் இல்லை. தண்ணீர் என்றால் தண்ணீர்தானே என்று நினைத்த பழக்கம்தான் என்னை ஏமாற்றியது.

மூன்றாவது பாத்திரத்தின் வடிவம். வாளி ஆழமானது, வாய் சின்னது. காற்று தண்ணீருக்குள் இறங்குவது மேற்பரப்பால் மட்டுந்தான். 20 லீற்றர் தண்ணீரை வாளியில் விடுவதற்கும், முழங்கை ஆழமே உள்ள அகன்ற தொட்டியில் விடுவதற்கும் நிறைய வித்தியாசம். அப்பாவின் பானை வாயகன்று, பாதிக்குத் தண்ணீரோடு இருந்த காரணம் இதுதான். சாக்கின் ஈரம் காய்கிறபோது பானையைக் குளிரவைத்தது. அந்த மனுசன் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை.

ஆகவே வீட்டில் வைக்க நல்ல இடம் சூடேற்றாத கராஜ், அல்லது பேஸ்மென்றில் குளிர்ந்த மூலை. 2 பாகையிலிருந்து 6 பாகைக்குள் நின்றால் உத்தமம். அப்பாட்மென்ற் ஆட்கள் பல்கனியில் றெஜிபோம் பெட்டிக்குள் வைக்கலாம், கடுங்குளிர் இரவில் மேலே பழைய போர்வை போட்டு. பற்றரியில் ஓடுகிற சின்னக் காற்று மோட்டர் ஒன்று வாங்கும். அதன் குமிழி சின்னதாக, ஓயாமல் வர வேண்டும். பெரிய குமிழி கொப்பளிக்க விட்டால் மீன் நீந்திக் களைத்துப்போகும். 20 லீற்றருக்கு நாலு டசின், அதற்கு மேல் வேண்டாம். அந்த எண்ணிக்கையோடு காற்றும் இருந்தால் இரண்டு கிழமை தாங்கும். எனக்கு ஒருமுறை மூன்று கிழமைக்கு மேலும் கிடந்தது.

சாப்பாடு போடாதேயும். பாவம் பார்த்துப் பாண் போட்டீர் என்றால் அது அழுகித் தண்ணீரைக் கெடுக்கும், மீனும் தின்று கழிக்கும், கழிவில் அமோனியா வரும். குளிரில் கிடக்கிற மீனுக்குப் பசி கிட்டத்தட்ட இல்லை. காலையும் மாலையும் ஒரு பார்வை. செத்ததை உடனே எடும். செத்த ஒன்று விடியமுதல் நாலைக் கூட்டிக்கொண்டு போகும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருக்கால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றும், புதுத் தண்ணீரும் அதே குளிரில் இருக்க வேண்டும். 2 பாகைத் தண்ணீரில் கிடந்ததை 12 பாகைக்குள் திடீரென்று விட்டால் ஒட்சிசன் இருந்தும் சாகும். கையை உள்ளே விட்டு அள்ளாதேயும், சின்ன வலையால் எடும். வறண்ட சூடான கை பட்டால் மேலே உள்ள வழுவழுப்புப் போய்விடும், அந்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

உயிரோடு வைத்திருப்பது இவ்வளவு பாடா என்றால், ஆம். அதனால்தான் நான் கடைசி ஆறேழு வருடம் உயிர்மீனுக்கு ஆசைப்படுவதைக் குறைத்துக்கொண்டேன். அன்றைக்குப் பிடித்ததில் அன்றைக்கே ஏரியில் கொஞ்சத்தை உயிரோடு குத்துவேன். மிச்சத்தை உப்பில் போடுவேன். பேர்ச்சுக்கு உப்புப் போட்ட ஷைனர் நன்றாகவே வேலை செய்யும். லேக் டிரவுட்டுக்கு உயிர் இரை ஒரு படி மேல்தான், அதை மறுக்க மாட்டேன்.

உப்புப் போடுவதைக் கருவாட்டுக்காரரின் பிள்ளைக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? வேண்டும் போலத்தான் இருக்கிறது. நீர் பிரீசரில் நேரே போட்டதாகச் சொன்னீர். வீட்டுப் பிரீசரில் மீன் மெல்ல உறையும். மெல்ல உறைகிறபோது தசைக்குள் உள்ள தண்ணீர் பெரிய பெரிய ஐஸ் ஊசியாகித் தசையைக் கிழிக்கும். இளகினதும் களியாகிவிடும், தூண்டிலில் நிற்காது, முதல் கொத்தோடு போய்விடும். அதற்கு முதலே உப்பு அந்தத் தண்ணீரை வெளியே இழுத்துவிட்டால் சதை இறுகும், தோல் தடிக்கும், வெள்ளி மினுக்கமும் நிற்கும்.

மீனைத் தாளில் பரப்பி ஈரம் ஒற்றி எடும். குடலை எடுக்கத் தேவையில்லை, நெத்தலிக்கு யார் குடல் எடுக்கிறார்கள்? தட்டில் கல்லுப்பை ஒரு படை பரப்பி, மீனை ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கி, மேலே இன்னொரு படை. தூள் உப்பு வேண்டாம். தூள் உப்பு மேற்தோலை உடனே இறுக்கிவிடும், பிறகு உள்ளுக்கு இறங்காது. மேலே கல், உள்ளே அழுகல். ஆனையிறவு உப்பைப் போன்ற பரல் உப்பு மெல்லக் கரைந்து மெல்ல இறங்கும். ஸ்காபுரோத் தமிழ்க் கடைகளில் கல்லுப்புப் பையில் கிடைக்கும். ஒரு நாள் பிரிட்ஜில் வையும். ஊறிவந்த தண்ணீரை வடித்து, புது உப்பில் இன்னொரு நாள். பிறகு கொஞ்சம் உப்போடு சின்னச் சின்னப் பையில், ஒரு பைக்கு ஒரு நாள் தேவை அளவாகப் போட்டுக் காற்றை வெளியேற்றிப் பிரீசருக்குள். வெயிலில் காயவைக்கக் கூடாது. எங்களுக்கு வேண்டியது கருவாடு அல்ல, பாதிக் கருவாடு.

இதில் ஒரு அழகு இருக்கிறது. நிறைந்த உப்புநீர் உறைவது -21 பாகையில். வீட்டுப் பிரீசர் -18. ஆகவே நன்றாக உப்பு ஏறின மீன் பிரீசருக்குள்ளும் கல்லாக இறுகாது. ஏரியில் கை விறைத்து நிற்கிறபோது பையைத் திறந்து அப்படியே ஒன்றை உருவித் தூண்டிலில் குத்தலாம். இந்த வசதிக்காகவே நான் உப்பை விட்டதில்லை.

இப்போது முக்கியமான சட்டம். 2022 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோ முழுவதையும் நான்கு இரை வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு வலயத்து இரையை, உயிரோடோ செத்தோ, இன்னொரு வலயத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. சொந்த வலயத்துக்கு வெளியே போகிறீர் என்றால் அங்கேயே கடையில் வாங்கி, பற்றுச்சீட்டை வைத்திருந்து, இரண்டு கிழமைக்குள் முடித்துவிட வேண்டும். வாளித் தண்ணீரையும் மிச்ச மீனையும் ஏரியிலோ, எந்த நீர்நிலைக்கும் 30 மீற்றருக்குள்ளோ ஊற்றக் கூடாது. பிடித்த ஏரிதானே, திருப்பி விட்டால் புண்ணியம் என்று நினைப்பீர். நானும் அப்படி நினைத்தவன். அல்கொன்குயின் பூங்காவில் உயிருள்ள இரைமீனுக்கே இடமில்லை.

இதெல்லாம் அதிகாரிகளின் கெடுபிடி என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். வீ.எச்.எஸ். என்ற மீன் வைரஸ் 2005இல் பேரேரிகளில் உறுதியானது, 2011இல் சிம்கோவிலும் கண்டார்கள். மீனின் உறுப்புகளுக்குள் இரத்தம் கசியவைத்துக் கொல்கிற நோய். மனிதருக்கு ஒன்றும் செய்யாது. பிரீசரில் வைப்பதால் அது சாவதில்லை. ஒரு வாளித் தண்ணீர் போதும், இன்னொரு ஏரிக்குக் கொண்டுசேர்க்க. எங்கள் ஊரில் இந்தப் பாடம் வேறு விதமாக நடந்தது: 1952இல் நல்லெண்ணத்தோடு இலங்கைக் குளங்களில் விட்ட திலாப்பியாவை இன்று எந்தக் குளத்திலிருந்து பிரித்தெடுக்க முடியும்? அது சாப்பாடாவது தந்தது. வைரஸ் அதுவும் தராது. ஆகவே சிம்கோவில் பிடித்ததைச் சிம்கோவிலேயே முடித்துவிடும். உப்புப் பையின் மேல் ஏரியின் பெயரும் திகதியும் எழுதிவையும். என் பிரீசரில் பெயர் எழுதாத பை ஒன்று இருந்து, கடைசியில் குப்பைக்குத்தான் போனது.

உம்முடைய அப்பாவும் போனில் ஒரு கேள்வி கேட்டவர்: மிஞ்சுகிற ஷைனரை மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டி நெத்தலி மாதிரிப் பொரிக்கலாமோ என்று. கூடும் அத்தாங்கும் உமக்கு இரை பிடிக்கத் தந்த சலுகை, சட்டிக்கு அல்ல என்று அவரிடம் சொல்லும். பொரிக்க ஆசை என்றால் கடையில் ஸ்மெல்ற் என்ற சின்னமீனை வாங்கச் சொல்லும். சுத்தம் செய்து, தலை எடுத்தே வரும். முள் மெல்லிசு, முறுகப் பொரித்தால் முழுதாகக் கடிக்கலாம். நெத்தலி அளவுக்கு வராது. கிட்ட வரும்.